நாலு, நாலு, ரெண்டு

மஸூதாவுக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது. நோய் அலுத்துவிட்டது, பஸ் அலுத்துவிட்டது, கிளினிக்கில் உட்காருகிற மர வாங்கு அலுத்துவிட்டது. ‘இப்ப எப்படி?’ என்று கேட்கிறவர்களுக்கு ‘அல்ஹம்துலில்லாஹ், நல்லம்’ என்று சொல்லிச் சொல்லி வாயும் அலுத்துவிட்டது. முப்பத்தொரு வயதுதான். ஆனால் காலையில் அவள் கட்டிலை விட்டு எழும்புகிற விதத்தைப் பார்த்தால் அவளைப் பெற்ற உம்மாவே இளையவள் என்று சொல்லத் தோன்றும்.

கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு வர இரண்டு பஸ். தம்புள்ளையில் இறங்கி, வெயிலில் நின்று, நாவுல பக்கமாகப் போகிற அடுத்ததைப் பிடிக்க வேண்டும். வெயில்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. பட்டால் மூக்கும் இரண்டு கன்னமும் சிவந்து பொங்கிவிடும். அதனால் முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு, அதற்கு மேல் குடையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். விடிகிற நேரத்தில் விரல்கள் மடங்க மறுக்கும். செருப்பு வாரைப் பூட்டிவிடுவது அவளுடைய மாப்பிள்ளை பாறூக். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் வாங்கி லொறியில் அனுப்புகிற கடை அவனுக்கு. கிளினிக் நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்து, குனிந்து, அவள் காலை எடுத்து செருப்புக்குள் வைத்து வாரைப் பூட்டுவான். இரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. ஒரு நாளும் முகம் சுளித்தவனில்லை. அந்த மட்டில் அவள் கொடுத்து வைத்தவள்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஒக்டோபர் மாதக் கிளினிக்கில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நேசம்மா என்ற தோட்டத்துப் பெண். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்த விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முட்டிக்கு முட்டி வீங்கிக் கிடந்தன. மூட்டுவாதம். அவளுக்கும் இதே டொக்டர்தான்.

“எனக்கு தங்க ஊசிங்க” என்றாள் நேசம்மா, கேட்காமலே. “காதுல போட ஒரு குண்டுமணி தங்கத்துக்கு வழியில்ல. இங்க பாருங்க, வாரா வாரம் இடுப்புல ஏத்துறாங்க. நான் செத்தா எரிக்காத, உருக்கிப் பாருன்னு எம் புருசன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

மஸூதா சிரித்துவிட்டாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தால் அதுவே ஒரு கவலை.

“ஊசி கூட பரவால்லீங்க. இந்தக் கசப்பு மாத்திர இருக்கே, இதுதான் தொண்டைய விட்டு எறங்க மாட்டேங்குது.” நேசம்மா கோணல் விரல்களால் ஒரு கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை நிறத்தில், நடுவில் கோடு போட்ட குளிசைகள்.

மஸூதாவுக்கு அதைத் தெரியாதா? கலேவெலக்காரி ஒருத்திக்கு அதைத் தெரியாமல் இருக்குமா?

“இது மலேரியாக் குளிசைதானே? ஒங்கட தோட்டத்திலயும் மலேரியாவா?”

“எங்க லயத்துலயா? நல்லா சொன்னீங்க! அங்க குளிருக்கு கொசுவே கம்பளி கேக்கும். மலேரியாவாவது ஒண்ணாவது. இது முட்டி வலிக்குத்தான்னு டாக்டரய்யா சொன்னாங்க. மூணு மாசம் விடாம போட்டாத்தான் கேக்குமாம். மெதுவா வேல செய்யிற மருந்தாம்.”

மஸூதா அந்தப் பொட்டலத்தை இழுத்து இன்னொரு தரம் பார்த்தாள். அதற்குள் அவளுடைய நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டொக்டர் ஆறுமுகநாதன் பருத்தித்துறைக்காரர். மாத்தளைக்கு வந்து பன்னிரண்டு வருஷம். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் குடியிருந்த வீட்டைக் கொளுத்திய பிறகும், நான்கு மாதத்தில் திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்தவர். முதல் முறை லூபஸ் என்று சொன்ன அன்றைக்கு அவர்தான் நோயை விளங்கப்படுத்தினார். நம்முடைய உடம்புக்குக் காவலுக்கென்று ஒரு படை இருக்கிறது, வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்கிறதுதான் அதன் வேலை என்றார். இவளுடைய உடம்பில் அந்தப் படைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தோலை, மூட்டை, இரத்தத்தை, எல்லாவற்றையும் எதிரி என்று நினைத்து அடிக்கிறது.

“செக் பொயின்ட் மாதிரி என்டு சொல்லுங்களே டொக்டர்” என்று பாறூக் அன்றைக்குச் சொன்னான். “ஐடென்டி காட் காட்டினாலும் அடி.”

“ஓம் தம்பி. அப்பிடித்தான்” என்றார் டொக்டர். அவருக்கு அதில் அனுபவம் இருந்தது.

இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. உள்ளே தாதி, மஸூதாவின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டியிருந்தாள். அது தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்துத் திரண்டு கிடந்தது. டொக்டர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“சிறுநீரகத்தில கை வைச்சிட்டுது. புரதம் இறங்குது. முகம் ஊதினது ஸ்டீரொயிட்டால மட்டும் இல்லை, இதாலயும்தான்.” அட்டையைப் புரட்டினார். “குளோரோகுயின் ரெண்டு வருஷம் போட்டாச்சு. இந்த வருத்தத்துக்கு அதுதான் அத்திவாரம். அதைப் போட்டும் அடங்கேல்லை எண்டால், இனிப் பெரிய மருந்துக்குத்தான் போகவேணும். மாதம் ஒருக்கா வாட்டில வைச்சு சேலைன்ல ஏத்துறது.”

குளோரோகுயின் என்றால் எது என்று மஸூதா கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

“ஒழுங்காப் போட்டவதானே?” என்றார் டொக்டர், எழுதிக்கொண்டே.

அவள் வாயைத் திறக்கும் முன் பாறூக் முந்திக்கொண்டான். “ஒரு நாள் தவறல்ல டொக்டர். மாசம் முடிய டின் காலி. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கேன்.”

டொக்டர் தலையாட்டினார். பிறகு பேனையை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தார். “ஒண்டு சொல்லவேணும். இந்தப் பெரிய மருந்து அந்தப் படையையே கலைக்கிற மருந்து. அதோட வேற சிலதும் கலைஞ்சு போகும். கனபேருக்கு மாதவிடாய் நிண்டுபோகுது. பிறகு பிள்ளை தங்கிறது கஷ்டம். உங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை, தெரியும். அதால பதினைஞ்சு நாள் தாறன். கதைச்சுப் போட்டு வாங்கோ.”

வெளியே வந்ததும் பாறூக் குடையை விரித்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, நிழலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

நடந்தது என்னவென்றால் இதுதான். முதல் தடவை மருந்து தந்த அன்றைக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தார்கள். ஒன்றில் சின்னக் குளிசை, மற்றதில் இந்தக் கசப்புக் குளிசை. வீட்டுக்கு வந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடடே, இது நம்முடைய மலேரியாக் குளிசை அல்லவா! கலேவெலயில் பிறந்தவர்கள் பாலுக்கு அடுத்தபடி குடித்தது இதைத்தான். மருந்தடிக்கிற ஆட்கள் டாங்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவருக்குச் சுவர் பீய்ச்சுவார்கள். விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பிறகு பத்துக் குளிசை கொடுத்து, ‘நாலு, நாலு, ரெண்டு’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் நாள் நாலு, இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. அது அந்த ஊரில் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் பாடம். மஸூதாவே வயதுக்கு வரும் முன் மூன்று முறை குடித்திருக்கிறாள்.

ஆகவே அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அட்டையில் கலேவெல என்று எழுதியிருப்பதைப் பார்த்து, காய்ச்சல் வந்தால் போடட்டும் என்று டொக்டர் சேர்த்துத் தந்திருக்கிறார். நல்ல மனிதர். மருந்து அந்தச் சின்னக் குளிசைதான். அதைப் போட்டால்தானே வலி ஓடிப்போகிறது, முகம் உருண்டு வருகிறது! டொக்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார், உண்மை. ஆனால் வாசலில் அறுபது பேர் நிற்கையில் சொன்ன சொல் எத்தனை காதில் ஏறும்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எண்பத்தாறு கடைசியில் மலேரியா ஊரையே உலுக்கியது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். ஆஸ்பத்திரி வரிசை றோட்டு வரைக்கும் நின்றது. பக்கத்து வீட்டு ஹமீமா, பாறூக்கின் ஒன்றுவிட்ட நானாவின் பெண்சாதி, நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். இந்த ஹமீமாதான் மஸூதாவின் முகத்துச் சிவப்பைப் பார்த்துவிட்டு, அவளுக்கென்று ஒரு கிளாசைத் தனியாக எடுத்து வைத்தவள். மஸூதா டின்னைத் திறந்து பத்துக் குளிசையை எண்ணிக்கொண்டு போனாள். மூன்று நாளில் ஹமீமா எழும்பி உட்கார்ந்தாள். நாலாம் நாள் வந்து மஸூதாவின் குசினியில் குந்தி, அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். தனிக் கிளாஸ் எங்கே போயிற்றோ தெரியாது, அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

அதோடு பிடித்துக்கொண்டது. மாதம் முப்பது குளிசை, மாதம் மூன்று பேர். ‘குளிசை ராத்தா’ என்று பெயர் வந்தது. சேனைப் பயிர்ப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் அதையே தங்கள் பாஷையில் ‘பெதி அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு, பூசணிக்காயும் கையுமாக வந்தார்கள். பிள்ளையில்லாதவள், நோய்க்காரி, எந்த வீட்டுக் கல்யாணத்திலும் ஓரத்தில் நிற்கிறவள். இப்போது அவளைத் தேடி ஆள் வந்தது. அது எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்பது ஓரத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். தர்மம் செய்த சதக்காவின் நன்மையும் சேரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாறூக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லுகிற அளவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. டின் காலியானதை அவன் பார்த்தான், சந்தோஷப்பட்டான். போன வருஷம் கண் டொக்டரிடம் அனுப்பினார்கள், இந்தக் குளிசை கண்ணைத் தாக்கும் என்று சோதிக்க. ‘கண் ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்கு’ என்று அவர் மெச்சி அனுப்பினார். ஏன் இருக்காது!

திரும்பி வருகிற பஸ்ஸில் நாலந்த தாண்டும்போது இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் மடியில் விழுந்தது. அதற்கும் மேலே ஒரு நினைப்பு வரப் பார்த்தது. அதை வரவிடாமல் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தாள். பாறூக் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

மறுநாளே ஹமீமா வந்து நின்றாள்.

“மச்சி, எங்கட மருமகனுக்கு நேத்துல இருந்து குளிர் காய்ச்சல். பத்துக் குளிசை தாங்களே.”

“இல்ல மச்சி.”

“என்ன இல்ல? நேத்துத்தானே கிளினிக் போய் வந்தீங்க?”

“அது என்ட வருத்தத்துக்குத் தந்த மருந்து. இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஹமீமா சிரித்தாள். “மலேரியாக் குளிசைக்கு இப்ப புதுசா என்ன வருத்தம்?” பிறகு மஸூதாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“அல்லாஹ்வே, ரெண்டு வருஷமா நான் ஒங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தது என்ட உசுர மச்சி!”

“நாங்க பறிச்சமா?” என்றாள் ஹமீமா. “நீங்கதானே வீடு தேடி வந்து தந்தது. நான் கேக்கக் கூட இல்ல.”

அது உண்மை. ஹமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் அவளுடைய மருமகன் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று இரத்தம் கொடுத்து குளிசை வாங்கி வந்தான். செத்துப் போய்விடவில்லை. வரிசையில் நின்றால் கிடைக்கிற சாமான்தான் அது. இரண்டு வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பதினைந்து நாள். மஸூதா தினமும் ஒரு கசப்புக் குளிசை போட்டாள், பாறூக் கடைக்குப் போன பிறகு, திருடியைப் போல. ஒரு நாள் மூன்றைக் கையில் எடுத்து, விட்டதைப் பிடிக்கலாமா என்று பார்த்தாள். நல்ல வேளை, நேசம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மெதுவாக வேலை செய்கிற மருந்தை அவசரப்படுத்தி என்ன பயன்? இரண்டை டின்னில் திரும்பப் போட்டாள்.

டொக்டரிடம் சொல்வதா, விடுவதா? சொல்லாவிட்டால் அந்தப் பெரிய மருந்து ஏறும், பிள்ளை என்ற பேச்சு அதோடு முடியும். சொன்னால் பாறூக்குக்கும் தெரியவரும். ‘ஒரு நாள் தவறல்ல’ என்று அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது அவள் காதிலேயே நின்றது. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பார்த்தாள், சுவரிடம், சட்டியிடம், தொழுகைப் பாயிடம். அவனைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பதினைந்து நாளில் அவள் பட்ட பாடு, நோய் தந்த பாட்டை விடப் பெரிது.

இரண்டாம் முறை போனபோது டொக்டர் வாட்டில் கட்டில் ஒழுங்குபண்ணும் தாளை முன்னால் வைத்திருந்தார். பாறூக் உட்காரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டான். வழியெல்லாம் அதையே யோசித்து வந்திருக்க வேண்டும்.

“நாங்க சம்மதம் டொக்டர். புள்ள குட்டி இல்லாட்டி அது நஸீபு. ஆள் இருந்தாப் போதும் எனக்கு.”

இதைக் கேட்டதும் மஸூதாவுக்கு மனம் உடைந்துபோயிற்று. இவ்வளவு நல்லவனை இனியும் ஏமாற்ற அவளால் ஏலாது.

“நான் அந்தக் குளிசையப் போடல்ல” என்றாள்.

டொக்டர் நிமிர்ந்தார். “எது? எத்தினை நாள் விட்டனீங்கள்?”

“கசப்புக் குளிசை. ஒரு நாளும் போடல்ல. இப்ப பதினைஞ்சு நாளாத்தான் போடுறேன். மலேரியாக்கு என்டு நெனச்சேன் டொக்டர். காய்ச்சல்காரங்களுக்குக் குடுத்தேன். எல்லாத்தையும் குடுத்தேன்.”

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணைக் கசக்கினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவருக்குக் கோபப்படுகிற தெம்பும் இல்லைப் போல.

“கலேவெல ஆக்களுக்கு இந்தக் குளிசையை எழுதேக்குள்ள, நான் இருத்தி வைச்சுச் சொல்லியிருக்கவேணும்” என்றார் கடைசியில். “நீங்கள் வேற என்னத்தை நினைப்பீங்கள்!”

பாறூக் அவளைப் பார்க்கவில்லை. டொக்டரைத்தான் பார்த்தான்.

“டொக்டர், போன வருஷம் எங்களுக்கு ஒரு புள்ள போச்சு. வயித்துல அஞ்சு மாசம். இந்தக் குளிசையப் போட்டிருந்தா அந்தப் புள்ள நின்டிருக்குமா?”

பஸ்ஸில் அவள் வரவிடாமல் தடுத்த நினைப்பு இதுதான். அன்றைக்கு அந்தச் சின்ன உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றி, ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு பள்ளி மையவாடிக்குப் போனவன் அவன்தான். தனியாகவே குழி தோண்டி அடக்கிவிட்டு வந்து, கை கழுவி, அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தான்.

“சொல்ல ஏலாது” என்றார் டொக்டர். “இந்த வருத்தம் அடங்கியிருந்தால் பிள்ளை தங்கிறதுக்கு வாய்ப்புக் கூட. ஆனால் போட்டும் போன பிள்ளையள் இருக்கு. போடாமல் நிண்ட பிள்ளையளும் இருக்கு.”

“நின்டிருக்கவும் ஏலும், என்ன?”

டொக்டர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “ஓம்” என்றார். “ஏலும்.”

பாறூக் எழும்பி வெளியே போய்விட்டான். மஸூதாவுக்கு அழுகை கூட வரவில்லை. டொக்டர் அந்தத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, வேறு தாளில் எழுதத் தொடங்கினார். “மூண்டு மாதம் பாப்பம். ஸ்டீரொயிட்டைக் கூட்டுறன். குளோரோகுயின் நாளுக்கு ஒண்டு. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா உங்கட ஊர் ஆஸ்பத்திரியிலயே சலத்தைச் சோதிச்சுக் காட்டுங்கோ. கூடினால் பிறகு கதையில்லை, வாட்டுக்குத்தான். றோட்டை நம்ப ஏலாது, மூண்டு மாதத்துக்கும் சேர்த்து எழுதித் தாறன். இது முதலே போட்டிருக்க வேண்டிய மருந்து தங்கச்சி. இனியாவது அதுக்கு வேலை செய்ய இடம் குடுங்கோ.”

தொண்ணூறு குளிசை. டின் நிறைந்து, மூடி மூடவில்லை.

அதற்குப் பிறகு பாறூக் பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால் பரவாயில்லை, ஏசியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். காலையில் அவள் விரல் மடங்காவிட்டால் வந்து தேங்காயைத் துருவி வைத்தான். சாரி தோய்த்தால் பிழிந்து காயப்போட்டான். வாயைத்தான் திறக்கவில்லை. ‘சாவி’, ‘சோறு’, ‘வாறேன்’, இதற்கு மேல் நாலாவது சொல் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவான். இப்படி ஆறு கிழமை. இரண்டு முறை சோதித்ததில் மூத்திரத்தில் வெளுப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. அதைச் சொன்னபோதும் ‘ம்’ என்றான். மனிதன் கல்லாகிவிட்டானா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

டிசம்பர் பிறந்ததும் ஊர் மூடிக்கொண்டது. கடைகளைத் திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது என்று கம்பத்துக்குக் கம்பம் துண்டு ஒட்டியிருந்தது. திறந்தால் துண்டு ஒட்டின ஆட்கள் சுடுவார்கள், மூடினால் ஆமிக்காரர்கள் வந்து பூட்டை உடைப்பார்கள். நல்ல காலம் பிறந்தது எங்களுக்கு! அதற்கு மேல் ஊரடங்கும் போட்டார்கள். ஆஸ்பத்திரிப் பாதையில் காக்காய் கூட நடக்கவில்லை.

ஊரடங்கின் இரண்டாம் நாள், நடுப்பகலில், பாறூக் போர்வை கேட்டான்.

அவள் ஒரு போர்வையைக் கொண்டு வந்தாள். போதவில்லை. இன்னொன்று போட்டாள். கட்டில் கால் நான்கும் தரையில் கடகடவென்று அடிக்கத் தொடங்கியதும், வேறு சோதனை தேவைப்படவில்லை. நெற்றி கொதித்தது. பல்லோடு பல் மோதிற்று. மஸூதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஓடிப்போய் டின்னைத் திறந்து நாலு குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டு வந்தாள்.

“இந்தாங்க. எழும்புங்க, இதப் போடுங்க.”

அவன் கண்ணைத் திறந்து அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“இன்னைக்கு நாலு, நாளைக்கு நாலு, பொறகு ரெண்டு. பத்துத்தானே! எனக்குப் பத்து நாள் குறையும், அவ்வளவுதான். றோட்டுத் தொறந்தா போய் வாங்கிக்கொள்ளலாம்.”

“எப்ப தொறக்கும்?” என்றான் அவன், சுவரைப் பார்த்து. ஆறு கிழமைக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“எப்பயாவது தொறக்கும்தானே.”

“கொண்டு போய் வை.”

“ஊருக்கெல்லாம் குடுத்தேன். தெருவுல போன வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தேன். என்ட மாப்பிள்ளைக்குக் குடுக்க ஏலாட்டி நான் என்ன பொம்புள? அல்லாஹ்வுக்காகப் போடுங்க!” அவள் குரல் உடைந்து கத்தலாக வந்தது.

பாறூக் திரும்பினான். நடுக்கத்தில் சொல் துண்டு துண்டாக வந்தது. “இது சாகிற காய்ச்சல் இல்ல. எனக்கு எத்தன தரம் வந்து போயிருக்கு. நடுங்கும், வேர்க்கும், திரும்ப வரும். மூணு நாளோ நாலு நாளோ கிடந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்றேன். ஒன்ட டின்னுல இருந்து இனி ஒண்டு வெளிய போகக் கூடாது. எனக்கும் இல்ல, ஒருத்தருக்கும் இல்ல.”

“ஒங்களுக்கு என்னோட கோவம். அதுதான் வேணாம் என்டுறீங்க.”

“கோவம்தான்” என்றான் பாறூக். “இன்னும் கோவம்தான். அந்தப் புள்ளய நெனச்சா இப்பவும் பத்திக்கொண்டு வருது. அது போற கோவம் இல்ல மஸூதா, பொய் சொல்ல மாட்டேன்.” மூச்சு வாங்கினான். “ஆனா ஒன்னயும் தூக்கிக்கொண்டு அந்த மையவாடிக்குப் போக எனக்கு ஏலா. என்னால ஏலவே ஏலா.”

மஸூதா நீட்டிய கையை இறக்கினாள்.

“இன்னைக்குப் போட்டியா?”

“இல்ல. ராவைக்குத்தானே.”

“இப்ப போடு. நான் பாக்கணும்.”

அவள் மூன்று குளிசையைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஒன்றை வாயில் போட்டாள். அவனுக்கென்று கொண்டு வந்த தண்ணீரைக் குடித்தாள். நடுங்கிக் கிடக்கிற மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று அவனுக்கு வேண்டிய மருந்தைத் தான் விழுங்குவது இருக்கிறதே, அதைப் போல ஒரு கொடுமை அவளுக்கு அதுவரை நடந்ததில்லை. குளிசை தொண்டையில் நின்றது. கசந்து கரைந்தது. இன்னும் ஒரு மிடறு குடித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது இறங்கும் வரைக்கும் பாறூக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாயத் தொற” என்றான்.

திறந்து காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த நடுக்கம் அவனைத் தூக்கிப் போட்டது. மஸூதா மூன்று குளிசையையும் டின்னுக்குள் போட்டு மூடினாள். வீட்டிலிருந்த சாக்கு, பாய், தன்னுடைய சாரிகள், எல்லாவற்றையும் கொண்டு வந்து போர்வைக்கு மேல் அடுக்கினாள். அதுவும் போதாமல், தானே அவன் மேல் சாய்ந்து, மடங்காத விரல்களால் கட்டிலின் மறுபக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் நடுங்க நடுங்க அவளுடைய மூட்டெல்லாம் நொந்தது. அவள் கையை எடுக்கவில்லை.